மந்திரவாதிக்கும் இயந்திரத்துக்கும் ஒரே வேலை: தொழிற்புரட்சிக் கால மிகுபுனைவு நாவல் எழுத ஒரு வழிகாட்டி

மந்திரம் பலிக்கும் ஓர் உலகம். அங்கே முதல் ஊது உலை எரியத் தொடங்குகிறது, முதல் நீராவி இயந்திரம் பெருமூச்சு விடுகிறது. மிகுபுனைவில் இந்தக் கூட்டுக்கு ஈடான களம் வேறில்லை என்பது என் உறுதியான எண்ணம். அரண்மனையையும் வாளையும் சுற்றிவரும் பல காவியக் கதைகளில் உலகம் ஆயிரம் ஆண்டுகளாக அசையாமல் நிற்கும். இங்கே கதை நடக்கும்போதே உலகம் மாறுகிறது. பாட்டன் கற்ற வித்தை பேரனுக்குச் சோறு போடுமா என்பதே சந்தேகமாகிவிடுகிறது.

புதிதாக எழுத வருபவர்கள் பெரும்பாலும் சறுக்கும் இடம் ஒன்றுண்டு. ஒரு பக்கம் புகைபோக்கிகள், இன்னொரு பக்கம் மந்திரக்கோல்கள். இரண்டும் ஒரே நகரத்தில் இருக்கும், ஒன்றையொன்று தொடாது. புகைபோக்கிகளை நீக்கிவிட்டாலும் கதை அப்படியே ஓடும் என்றால் அவை வெறும் அலங்காரம். மந்திரமும் இயந்திரமும் ஒரே வேலைக்குப் போட்டியிட வேண்டும், அல்லது ஒன்றில்லாமல் மற்றொன்று நகர முடியாதபடி பிணைந்திருக்க வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் அதற்காகத்தான்.

முதலில் ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள்

வரைபடம், மன்னர் பரம்பரை, கடவுளர் பட்டியல் என்று குறிப்பேட்டை நிரப்புவதை ஒத்திப்போடுங்கள். உங்கள் உலகத்தில் மனிதர்கள் செய்தே தீரவேண்டிய ஒரு வேலையை எடுங்கள். நூல் நூற்பது, இரும்பு உருக்குவது, செய்தி கொண்டுபோவது, சுரங்கத்தில் ஊறும் நீரை வெளியேற்றுவது, எதுவாகவும் இருக்கலாம். அந்த வேலையை இதுவரை மந்திரம் செய்துவந்தது. இப்போது இயந்திரம் வந்து வாசலில் நிற்கிறது.

சுரங்க நீரையே எடுத்துக்கொள்வோம். கட்டுரை முழுக்க இந்த உதாரணம் கூட வரும். ஒரு மலைநாட்டில் வெள்ளிச் சுரங்கம். குழிக்குள் நீர் புகாமல் மந்திரத்தால் தடுத்து நிறுத்துபவர்களை நீரடக்கிகள் என்று வைத்துக்கொள்வோம். நிலக்கரி கிடைப்பது ஆற்றில் இரண்டு நாள் பயணத் தொலைவில்.

ஏன் இவ்வளவு குறிப்பாக? நம் உலகின் வரலாறும் இப்படித்தான் தொடங்கியது. தாமஸ் நியூகாமன் 1712இல் இங்கிலாந்தின் டட்லி அருகே நிறுவிய இயந்திரம் செய்த வேலை ஒன்றுதான்: நிலக்கரிச் சுரங்கத்து நீரை இறைத்தது. நிமிடத்துக்கு 12 வீச்சு, ஒவ்வொரு வீச்சிலும் சுமார் 45 லிட்டர். எரித்த கரியின் ஆற்றலில் நூற்றில் ஒரு பங்கு வேலையாக மாறினாலே பெரிது. ஆனால் சுரங்க வாசலிலேயே விற்க முடியாத தூள்கரி குவிந்து கிடந்ததால் அந்தப் பசி யாரையும் உறுத்தவில்லை. கார்ன்வால் பகுதியின் தகரம், செம்புச் சுரங்கங்களின் நிலைமை வேறு. அங்கே கரி கப்பலில் வரவேண்டும், விலை கூடுதல். எரிபொருளை மிச்சப்படுத்தும் ஜேம்ஸ் வாட்டின் இயந்திரத்துக்கு அங்கேதான் பெரிய சந்தை கிடைத்தது. ஒரே இயந்திரம் ஓரிடத்தில் வரமாகவும் வேறிடத்தில் சுமையாகவும் இருக்கும். உங்கள் உலகத்தில் இயந்திரம் எந்த ஊரில், யாருடைய நிலத்தில், எதன் பொருட்டு முதலில் நிற்கிறது என்று ஒரு பத்தி எழுதிவிடுங்கள். அதற்குப் பிறகு வரைபடம் தானாக வரும். கரி வரும் ஆறு எங்கே, அந்த ஆற்றின் மேல் யாருக்கு அதிகாரம் என்று நீங்களே கேட்கத் தொடங்குவீர்கள்.

மந்திரத்துக்குக் கணக்கு எழுதுங்கள்

மந்திரத்துக்கு விதிகள் வேண்டும் என்று யாரும் சொல்வார்கள். இந்த வகை நாவலுக்கு விதியோடு விலையும் வேண்டும், அதுவும் இயந்திரத்தின் செலவோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கக்கூடிய விலை. 'மந்திரம் ஆன்மாவைத் தின்னும்' என்றால் கேட்க நன்றாயிருக்கிறது. சுரங்க முதலாளியின் கணக்கப்பிள்ளை அதை எந்தத் தலைப்பில் பற்று எழுதுவார்? நேரம், பயிற்சி, கூலி, ஓய்வு, ஆள்கணக்கு என்று பிரியுங்கள்.

ஒரு நீரடக்கி ஆறு மணிநேரம் நீரைப் பிடித்து நிறுத்துவார், பிறகு 24 மணிநேரம் அசைவற்றுக் கிடப்பார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்று 30 மணிநேரம். அப்படியானால் ஒரு குழி இரவும் பகலும் வறண்டிருக்க ஐந்து பேர் தேவை. ஐவருக்கும் ஏழாண்டுப் பயிற்சி, குருவுக்கு ஆயுள் முழுக்கத் தட்சணை, சங்கம் நிர்ணயித்த கூலி. ஒருவர் காய்ச்சலில் விழுந்தால் மீதி நால்வரின் ஓய்வு 18 மணிநேரமாகச் சுருங்கும். இரண்டு வாரம் இப்படியே ஓடினால் என்ன ஆகும்? யார் முதலில் தளர்வார்? அவர் தளரும்போது கீழே எத்தனை பேர் இருப்பார்கள்? வெறும் கணக்காகத் தொடங்கியது, இரண்டு கேள்விகளுக்குள் ஓர் அத்தியாயமாகிவிட்டது. இதனால்தான் எண்களை முன்கூட்டியே எழுதச் சொல்கிறேன்.

பின்வரும் கேள்விகளுக்கும் விடை எழுதுங்கள். இந்த வித்தை பிறப்பால் வருகிறதா, யாரும் கற்கலாமா? சேமித்து வைக்க முடியுமா? தொலைவு கூடினால் வலு குறையுமா? ஒருவர் செய்ததை இன்னொருவர் அதே தரத்தில் திரும்பச் செய்ய முடியுமா? முதல் கேள்வி உங்கள் நாவலின் அரசியலையே தீர்மானிக்கும். பிறப்பால் வரும் வித்தை என்றால் அதைக் காக்கும் குடிகள் இருக்கும், கலப்பு மணத்துக்குத் தடை இருக்கும், வித்தையில்லாமல் பிறந்த பிள்ளையின் அவமானம் இருக்கும். அந்தப் பிள்ளை இயந்திரப் பட்டறைக்குப் போவது எவ்வளவு இயல்பானது என்று பாருங்கள். கடைசிக் கேள்வியும் லேசானதல்ல. ஆலை என்பதே ஒரே பொருளை ஒரே அளவில் ஆயிரம் முறை செய்யும் இடம். ஆளுக்கொரு விதமாகப் பலிக்கும் மந்திரம் அங்கே தோற்கும், எவ்வளவு அற்புதமாக இருந்தாலும்.

இயந்திரத்தை எப்படி விற்றார்கள் என்பதிலும் கதைக்குத் தீனி உண்டு. வாட்டும் அவருடைய கூட்டாளி மேத்யூ போல்டனும் பழைய இயந்திரத்தோடு ஒப்பிட்டு, எவ்வளவு எரிபொருள் மிச்சமாகிறதோ அதன் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கைக் கட்டணமாகக் கேட்டார்கள். தங்கள் இயந்திரத்தின் வலுவை, வாங்குபவருக்கு ஏற்கெனவே தெரிந்த குதிரையை வைத்து அளந்து சொன்னார்கள். ஒரு குதிரைத்திறன் என்பது நிமிடத்தில் 33,000 பவுண்டு எடையை ஓரடி உயர்த்தும் வேலை. உங்கள் உலகத்து வணிகர் எதை வைத்து அளப்பார்? "இது எட்டு நீரடக்கிகளின் வலுவுள்ள இயந்திரம், ஐயா" என்பார். அந்த வாக்கியத்தைத் தன் காதால் கேட்கும் ஒரு கிழட்டு நீரடக்கியின் முகத்தை எழுதிப் பாருங்கள்.

ஏன் இப்போது?

மந்திரம் எளிதாகக் கிடைக்கும் நாட்டில் இயந்திரத்தைப் பற்றி யாரும் யோசிக்கமாட்டார்கள். ஒரு தட்டுப்பாடு வேண்டும். போர் வந்து நீரடக்கிகளைப் படை அள்ளிக்கொண்டு போயிருக்கலாம். குழி ஆழமாகி ஐவர் செய்ததற்கு ஒன்பது பேர் தேவைப்படலாம். சங்கம் கூலியை உயர்த்தியிருக்கலாம். ஒன்று போதும். மூன்றையும் அடுக்கினால் வாசகர் எதையும் நம்பமாட்டார்.

இன்னொன்று: யோசனை தோன்றிய மறுநாளே இயந்திரம் ஓடக்கூடாது. வாட் தன் தனி ஒடுக்கிக்கு, அதாவது நீராவியை உருளைக்கு வெளியே வேறொரு கலனில் குளிரவைக்கும் அமைப்புக்கு, காப்புரிமை பெற்றது 1769இல். ஆனால் நீராவி கசியாத உருளையைத் துல்லியமாகக் குடைந்து தர ஆளில்லை. ஜான் வில்கின்சன் 1774இல் பீரங்கிக் குழாய்களைக் குடைய ஒரு முறையைக் கண்டுபிடித்தார். அந்தத் திறமைதான் வாட்டின் உருளையைச் சாத்தியமாக்கியது. 1776இல் முதல் இயந்திரங்கள் வேலைக்கு வந்தன. ஏழாண்டுகள், ஒரு துளைக்காக! அந்த ஏழாண்டுகளில் ஒரு கண்டுபிடிப்பாளர் கடன்படுகிறார், ஏளனப்படுகிறார், வேறு பிழைப்புக்குப் போகிறார். தனக்கு வேண்டியது ஓர் ஆயுதப் பட்டறையில் இருப்பது அவருக்குத் தெரியாது.

மந்திரத்தை உள்ளே கொண்டுவர மிகச் சிறந்த இடம் இதுதான் என்று நினைக்கிறேன். அந்தத் துளையை ஒரு மந்திரக்காரர் குடைந்து தர முடியுமென்றால்? தன் குலத்தொழிலை அழிக்கப்போகும் இயந்திரத்துக்கு அவர் ஏன் உதவ வேண்டும்? பணத்துக்காகவா, பிள்ளைக்காகவா, அல்லது செய்து பார்க்கும் ஆசையை அடக்க முடியாமலா? நாவலின் நடுவே இப்படி ஒரு பாத்திரம் இருந்தால் மந்திரத்தையும் இயந்திரத்தையும் பிணைக்கும் வேலையை அவரே பார்த்துக்கொள்வார்.

ஒன்று மற்றொன்றை இழுக்கட்டும்

காவிய நாவல் நீளமானது. அந்த நீளத்தைப் போர்களால் நிரப்புவது எளிது. விளைவுகளால் நிரப்புவது கடினம், ஆனால் வாசகர் கடைசிப் பக்கம்வரை வருவது அதற்குத்தான். துணித் தொழிலின் கதையைப் பாருங்கள். ஜான் கே 1733இல் காப்புரிமை பெற்ற பறக்கும் நாடா, அதாவது தறியில் ஊடை நூலைக் குறுக்கே கொண்டுபோகும் கருவி, நெசவை வேகப்படுத்தியது. உடனே நூலுக்குத் தட்டுப்பாடு. அதைத் தீர்க்க 1760களிலும் 70களிலும் ஹார்கிரீவ்ஸ், ஆர்க்ரைட், கிராம்ப்டன் ஆகியோரின் நூற்பு இயந்திரங்கள் வந்தன. இப்போது நூல் மிகுந்துபோனது, நெய்ய ஆளில்லை. கைத்தறி நெசவாளர்கள் சில காலம் நன்றாகச் சம்பாதித்தார்கள். எட்மண்ட் கார்ட்ரைட் 1785இல் விசைத்தறிக்கு முதல் காப்புரிமை வாங்கினார். அது செம்மையாகிப் பரவப் பரவ, அதே நெசவாளர்களின் கூலி சரிந்தது. கடலுக்கு அப்பால், அமெரிக்காவில் 1793இல் வந்த பருத்தி அரவை இயந்திரம் கொட்டை நீக்கும் வேலையைக் குறைத்து, பருத்தித் தோட்டங்களை விரிவாக்கி, அடிமை முறையை இன்னும் இறுக்கியது. உழைப்பைக் குறைக்கும் கருவி உழைப்பவரின் விலங்கைக் கூட்டியது.

உங்கள் கதையில் இதேபோல ஒரு விளைவுச் சங்கிலியை ஐந்து கண்ணிகளாவது வரும்படி எழுதுங்கள். இயந்திரம் நீரை இறைக்கிறது, குழி ஆழமாகிறது. ஆழத்தில் காற்று கெடுகிறது. காற்றை அசைக்கும் மந்திரக்காரர்களுக்கு மவுசு கூடுகிறது. வேலையிழந்த நீரடக்கிகள் ஆற்றங்கரைக்குப் போய்ப் படகுகளுக்கு வரி கேட்கிறார்கள். கரி விலை ஏறுகிறது. மலைநாட்டு அரசு ஆற்றின் மேல் படையனுப்புகிறது. போரும் வந்துவிட்டது, ஆனால் கருநிறக் கவசம் அணிந்த தீயவன் யாரும் இல்லாமலே வந்துவிட்டது.

இரும்பைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. இரும்புக்கு அஞ்சி மாயசக்திகள் விலகும் என்ற நம்பிக்கை பல நாட்டு நாட்டார் கதைகளில் உண்டு. புதியவர்கள் அதை விரும்பி எடுத்துக்கொள்கிறார்கள். எடுத்தால் முழுதாக எடுங்கள். இரும்பு அரிதாக இருந்த காலத்தில் அது வாசலில் மாட்டிய ஒரு லாடம். 1779இல் இங்கிலாந்தின் கோல்புரூக்டேலில் வார்ப்பிரும்பாலேயே ஒரு பாலத்தின் வளைவை எழுப்பினார்கள். 1830இல் லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் இடையே சுமார் 50 கிலோமீட்டருக்குத் தண்டவாளம் கிடந்தது. உங்கள் உலகத்தில் மந்திரம் இரும்பைக் கடக்காது என்றால், ஒவ்வொரு தண்டவாளமும் நிலத்தில் போட்ட வேலி. காட்டுத் தெய்வத்தின் எல்லை இரண்டாகத் துண்டுபடும். பாதை போடுபவர்களுக்கு அது தெரியுமா, தெரிந்தேதான் அந்த வழியைத் தேர்ந்தார்களா?

எதிராளிக்கும் நியாயம் கொடுங்கள்

அறிவாளியான கண்டுபிடிப்பாளர் ஒரு பக்கம், மூடப் பழமையில் ஊறிய மந்திரவாதிகள் மறு பக்கம் என்று பிரித்துவிட்டால் நாவல் முதல் பாகத்திலேயே முடிந்துவிடும். தலைகீழாக, புனிதமான மந்திரம், பேராசை பிடித்த ஆலை என்று பிரித்தாலும் அதே கதிதான். 1811இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷயரில் பின்னல் தறிகளை உடைத்த லட்டைட்டுகளை இயந்திரத்தைக் கண்டு மிரண்டவர்கள் என்று சொல்வதுண்டு. அவர்கள் அந்தத் தறிகளிலேயே காலமெல்லாம் வேலை செய்தவர்கள். கூலியைக் குறைக்கவும் மட்டமான சரக்கைத் தள்ளிவிடவும் பயன்பட்ட தறிகளைக் குறிவைத்தார்கள். பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1812இல் தறியுடைப்புக்கு மரண தண்டனை விதித்துச் சட்டம் போட்டது. தறிக்கு எதிராக ஓர் உயிர் என்று சட்டமே எடைபோட்ட காலம் அது. உங்கள் நீரடக்கிகளின் சங்கத்துக்கும் இப்படித் தெளிவான, விவாதிக்கத்தக்க கோரிக்கைகள் இருக்கட்டும்.

நல்ல நோக்கம் கெட்ட விளைவைத் தருவதையும் எழுதுங்கள். 1812இல் இங்கிலாந்தின் ஃபெல்லிங் நிலக்கரிச் சுரங்க வெடிப்பில் 92 பேர் இறந்தார்கள். அதன் பிறகு ஹம்ஃப்ரி டேவி 1815இல் சுரங்கங்களுக்கான பாதுகாப்பு விளக்கை வடிவமைத்தார். அந்த விளக்கை நம்பி, வெடிக்கும் வாயு நிறைந்தது என்று முன்பு ஒதுக்கிவைத்த பகுதிகளுக்கும் ஆட்களை இறக்கினார்கள். விபத்துகள் எதிர்பார்த்தபடி குறையவில்லை. காப்பு மந்திரம் எழுதித் தரும் ஓர் இளம் மந்திரக்காரிக்கு இதைவிடப் பெரிய துயரம் என்ன இருக்க முடியும்? அவள் தாயத்து கட்டிவிட்டதால்தான் அந்தச் சிறுவர்களை அந்தக் குழிக்குள் அனுப்பினார்கள்.

சிறுவர்கள் என்றதும், ஆலையில் குழந்தைகள் வேலை செய்ததை மறைக்காதீர்கள், அதைப் பரிதாபக் காட்சியாக மட்டும் பயன்படுத்தவும் வேண்டாம். பிரிட்டனின் 1833ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் ஒன்பது வயதுக்குட்பட்டவர்களைப் பெரும்பாலான நூற்பாலைகளில் வேலைக்கு வைப்பதைத் தடுத்தது. அதைக் கண்காணிக்க முதலில் நியமிக்கப்பட்ட ஆய்வாளர்கள் நாடு முழுமைக்கும் நான்கே பேர். பொய் சொன்னால் கண்டுபிடிக்கும் வித்தை தெரிந்த அப்படியொரு ஆய்வாளரை ஆலை ஆலையாக அனுப்பிப் பாருங்கள். முக்கியப் பாத்திரமாகவே ஆகிவிடுவார்.

தொலைவும் நேரமும்

இதைச் சுருக்கமாக முடித்துக்கொள்ளலாம், ஆனால் விட்டுவிடக் கூடாது. உங்கள் உலகில் செய்தி எவ்வளவு வேகத்தில் போகும், சரக்கு எவ்வளவு வேகத்தில் போகும், படை எவ்வளவு வேகத்தில் போகும் என்று மூன்று எண்களை எழுதி மேசைக்கு முன்னால் ஒட்டிக்கொள்ளுங்கள். கண்ணிமைக்கும் நேரத்தில் மந்திரத்தால் செய்தி போகுமென்றால் உங்கள் கதைமுடிச்சுகளில் பாதி அவிழ்ந்துவிடும். கடிகாரத்தையும் கவனியுங்கள். ரயில் வந்த பிறகுதான் ஊருக்கு ஊர் வேறுபட்ட நேரம் தொல்லையானது. பிரிட்டனின் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே 1840இல் தன் நிலையங்கள் எல்லாவற்றிலும் லண்டன் நேரத்தைக் கொண்டுவந்தது. உள்ளூர்ச் சூரிய உதயத்தோடு பலிக்கும் மந்திரங்கள் உள்ள நாட்டில் இப்படி ஓர் ஆணை வந்தால் பூசகர்கள் சும்மா இருப்பார்களா?

காட்சியைக் காதால் எழுதுங்கள்

புகை, பல்சக்கரம், பித்தளைக் குழாய் என்று கண்ணுக்குத் தெரிவதை எல்லோரும் எழுதிவிடுகிறார்கள். நியூகாமன் இயந்திரத்தின் 12 வீச்சுகளுக்குத் திரும்புங்கள். ஒரு வீச்சுக்கும் அடுத்ததற்கும் இடையே ஐந்து நொடி. குழிக்குள் இருப்பவர்கள் அந்த ஐந்து நொடியைத் தங்களை அறியாமலே எண்ணப் பழகியிருப்பார்கள். ஆறாவது நொடி வந்தும் சத்தம் வரவில்லை என்று எழுதினால் போதும், வாசகரின் வயிறு கலங்கும். நூல் அறாமலிருக்கப் பருத்தி ஆலைகளுக்குள் வெப்பமும் ஈரமும் வைத்திருந்தார்கள். தறிக்கூடத்தின் இரைச்சலில் பேச்சுக் கேட்காததால் தொழிலாளர்கள் உதட்டசைவைப் படிக்கப் பழகினார்கள். மந்திரத்தை உச்சரித்தால்தான் பலிக்கும் என்ற விதி உள்ள உலகத்தில், தன் குரல் தனக்கே கேட்காத ஒரு கூடத்தில் நிற்கும் மந்திரக்காரர் என்ன செய்வார்?

உரையாடலில் ஆளுக்கேற்ற பேச்சு வேண்டும். எல்லோரும் அரசவைத் தமிழில் பேசினால் உலையின் சூடு வாசகருக்கு எட்டாது. கரி அள்ளுபவனும் மூத்த நீரடக்கியும் பேசும் இந்த நான்கு வரிகளைப் பாருங்கள்:

"ஐயா, நீங்க தூங்குற நேரத்துலயும் அது தூங்காது. கரி போட்டாப் போதும்."

"கரி தீர்ந்துபோனா?"

"ஆத்துல படகு வரும்."

"ஆறு யார் பேச்சைக் கேட்கும்னு நினைக்கிற?"

இயந்திரத்தின் வலு, அதன் பலவீனம், மந்திரத்தின் எல்லை, வரப்போகும் மோதல் எல்லாம் இதற்குள் இருக்கின்றன. யாரும் எதையும் விளக்கவில்லை.

இனி எழுத உட்காருங்கள்

உலகம் தோன்றிய கதையோடு தொடங்காதீர்கள். ஒரு வேலைநேரத்தோடு தொடங்குங்கள்: நீரடக்கி குழிக்குள் இறங்குகிறார், ஆறு மணிநேரம், இறுதியில் ஏதோ ஒன்று வழக்கம்போல் இல்லை. மந்திரத்தின் விதிகளை அது பலிக்காமல் போகும் இடங்களில் வெளிப்படுத்துங்கள். இயந்திரத்தின் விதிகளையும் அப்படியே.

உலகக் குறிப்புகள் நான்கைந்து பக்கத்தைத் தாண்ட வேண்டாம். மந்திரக் கணக்கு, இயந்திரக் கணக்கு, கண்ணிகளின் பட்டியல், மூன்று வேகங்கள், ஒவ்வொரு தரப்பின் கோரிக்கை, இவ்வளவுதான். எழுதும்போது ஒரு விதியை மாற்றத் தோன்றினால் ஓரத்தில் குறித்துவிட்டு, மாறிய விதியோடு மேலே எழுதிப் போங்கள். முதல் அத்தியாயத்துக்குத் திரும்பித் திருத்தத் தொடங்கினால் முதல் வரைவு முடியவே முடியாது. கணக்கு ஒட்டுகிறதா என்று சரிபார்க்க இரண்டாம் வரைவு இருக்கிறது.

வரைவு முடிந்ததும் இரண்டு மூன்று பேரிடம் படிக்கக் கொடுங்கள். நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள். "இங்கே ஏன் மந்திரத்தால் முடித்துவிடவில்லை?" என்று தோன்றிய பக்கங்களிலும், "இங்கே ஏன் இயந்திரத்தைப் பயன்படுத்தவில்லை?" என்று தோன்றிய பக்கங்களிலும் கோடு போட்டுத் தரச் சொல்லுங்கள். கோடு விழுந்த இடங்களில் விளக்கம் சேர்த்துச் சமாளிக்க வேண்டாம். அங்கே ஒரு செலவு விடுபட்டிருக்கும், கணக்குத் தாளை எடுத்துத் தேடுங்கள். ஒரே பக்கத்தில் இருவர் கோடு போட்டிருந்தால் அந்தக் காட்சியைப் புதிதாகவே எழுதுங்கள்.